மணலில் ஊறும் நன்னீர்

பயணம் செய்வதில் விருப்பம் இல்லாதவர் உலகில் மிகச் சிலரே. புதிய ஊர், புதிய மக்கள், புதிய காட்சி என்று எண்ணும்போதே உள்ளம் துள்ளுகின்றது. பயணத்திற்கு முதல்நாள் இரவு உறக்கம் வருவதில்லை. புறப்படும் நாளன்று கோழி கூவுமுன் எழுந்துவிடுகிறோம். மலையைக் காண்கிறோம், அருவியில் நீராடுகிறோம், கோபுரத்தை அண்ணாந்து பார்த்து வியக்கிறோம். வீடு திரும்பிய பின்னர்ச் சில நாள் அவற்றைப் பற்றியே பேசுகிறோம். பிறகு என்ன நிகழ்கின்றது? திங்கள் சில கழிந்ததும் அருவியின் உயரம் மறந்து போகின்றது. கோபுரத்தின் நிலைகள் எத்தனை என்பது நினைவில் இருப்பதில்லை. ஒரு மலையின் தோற்றம் மற்றொரு மலையின் தோற்றத்தோடு கலந்து மங்கிவிடுகின்றது.

எல்லாப் பயணங்களும் இவ்வாறு மங்கிப் போவதில்லை. சில பயணங்கள் கல்லில் வெட்டிய எழுத்தைப் போல உள்ளத்தில் நிலைத்து நிற்கின்றன. ஆண்டுகள் பல கடந்த பின்னரும், நேற்று நிகழ்ந்தவை போல அவை கண்முன் தோன்றுகின்றன. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்ன? கண்ட காட்சி பெரிதா சிறிதா என்பது காரணம் அன்று. அங்கே நாம் இடத்தை மட்டும் கண்டோமா, அவ்விடத்தில் வாழும் மனிதரின் வாழ்வையும் கண்டோமா என்பதே காரணம் ஆகும்.

காந்தியடிகள் வாழ்வில் இதற்குச் சிறந்த சான்று ஒன்று உண்டு. 1921 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அடிகள் சென்னையிலிருந்து மதுரைக்குப் புகைவண்டியில் வந்தார். வண்டியில் இருந்தவர் பலர் அயல்நாட்டுத் துணி உடுத்தியிருந்தனர். கதர் உடுத்துமாறு அடிகள் அவர்களை வேண்டினார். கதர் வாங்க இயலாத அளவு வறியவர்களாக இருக்கிறோம் என்று அவர்கள் விடையிறுத்தனர். அவ்விடை அடிகளின் நெஞ்சில் தைத்தது. உடுத்த உடை இல்லாத ஏழைகள் பல கோடியினர் வாழும் நாட்டில், தாம் மட்டும் சட்டையும் தொப்பியும் நீண்ட வேட்டியும் அணிவது தகுமா என்று எண்ணினார். செப்டம்பர் 22 ஆம் நாள் மதுரையில் அவற்றைத் துறந்து, முழங்கால் அளவு துண்டை மட்டும் உடுத்தினார். இறுதி நாள் வரை அதுவே அவருடைய உடை ஆயிற்று. அப்புகைவண்டிப் பயணத்தில் வயலும் ஆறும் அவர் கண்ணில் பட்டிருக்கும். ஆனால், அவர் வாழ்வை மாற்றியது உடன் வந்த மனிதரின் ஒரு சொல்லே அன்றோ?

அத்தகைய பெருமாற்றம் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ஆயினும், உள்ளத்தில் நிலைக்கும் பயணம் ஒன்றேனும் ஒவ்வொருவர்க்கும் வாய்க்கும். எனக்கு அவ்வாறு வாய்த்தது, 2018 ஆம் ஆண்டு தைத் திங்களில் எங்கள் பள்ளி மாணவர் பதினெண்மருடன் தனுஷ்கோடிக்குச் சென்ற பயணம் ஆகும்.

மதுரையிலிருந்து விடியற்காலையில் புகைவண்டி ஏறினோம். மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் ஆகிய ஊர்களைக் கடந்து வண்டி கிழக்கு நோக்கிச் சென்றது. வரவர மண் வெளுத்தது; பனைமரங்கள் மிகுந்தன; காற்றில் உப்பு மணந்தது. மண்டபம் நிலையத்தைக் கடந்ததும் வண்டியின் வேகம் குறைந்தது. மாணவர் அனைவரும் பலகணி ஓரம் கூடினர். இருபுறமும் நிலம் மறைந்தது, கடல் தோன்றியது. வண்டி பாம்பன் பாலத்தின்மேல் ஊர்ந்து செல்லத் தொடங்கியது.

பெருநிலத்தையும் இராமேசுவரம் தீவையும் இணைத்த அப்பாலம் 1914 ஆம் ஆண்டு பிப்ரவரி 24 ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து, கூப்பிய கைகள் விரிவதுபோல் மேலெழும். மின்விசை இன்றிப் பணியாளர்கள் தம் கைகளால் நெம்புகோலைச் சுற்றியே அதனைத் திறந்தனர். நூற்றாண்டுக்கு மேல் உழைத்த அப்பாலத்தின்மேல் 2022 ஆம் ஆண்டு இறுதியில் வண்டிகள் செல்வது நின்றது. அதனை அடுத்துக் கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஆம் ஆண்டு ஏப்ரல் 6 ஆம் நாள் திறக்கப்பட்டது. இதன் நடுப்பகுதி பிரிவதில்லை. மின்விசையால் அப்படியே செங்குத்தாக மேலே உயர்கின்றது. நாங்கள் சென்றது பழைய பாலத்தின் வழியாகும். கீழே நீலக்கடல், மேலே நீலவானம், இடையே புகைவண்டி. மாணவர்கள் ஆரவாரம் செய்தனர். அன்றைய நாளின் பெருங்காட்சி அதுவே என்று அவர்கள் எண்ணினர்.

இராமேசுவரத்தில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் தனுஷ்கோடி நோக்கிச் சென்றோம். தொலைவு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். 2017 ஆம் ஆண்டு வரை அவ்வழியின் பிற்பகுதியில் சாலை இல்லை. மணலிலும் நீரிலும் தத்தளித்துச் செல்லும் வண்டிகளே செல்லும். நாங்கள் சென்றபோது அரிச்சல்முனை வரை புதிய சாலை நீண்டிருந்தது. சாலையின் இருமருங்கும் கடல். வடக்கே பாக்கு விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. அங்குள்ள மீனவர் வடகடலைப் பெண்கடல் என்றும், தென்கடலை ஆண்கடல் என்றும் அழைப்பர். வாடைக்காற்று வீசும் காலத்தில் பெண்கடலும் சினம் கொள்ளும். அப்போது அவர்கள் தென்கரைக்கு வலையை மாற்றிக்கொள்வர். இரு கடலுக்கும் இடையே வெண்மணலும், அதன்மேல் படர்ந்த அடும்பங்கொடியும், ஆங்காங்கே சவுக்கும் கருவேலும் நின்றன. தேங்கிய நீரில் பூநாரைகள் நின்று இரை தேடின.

தனுஷ்கோடி என்பதற்கு வில்லின் முனை என்பது பொருள். பெயருக்கு ஏற்ப, தீவின் தென்கிழக்கு மூலையில் வில்முனை போலக் கூர்ந்து கிடக்கின்றது அந்நிலம். ஒரு காலத்தில் அது நாட்டின் வாயில்களுள் ஒன்றாக விளங்கியது. சென்னை எழும்பூரிலிருந்து புறப்படும் போட் மெயில் என்னும் வண்டி தனுஷ்கோடி வரை வரும். அங்கே பயணிகள் கப்பல் ஏறி இலங்கையின் தலைமன்னாரில் இறங்குவர். அங்கிருந்து மீண்டும் புகைவண்டி ஏறிக் கொழும்புக்குச் செல்வர். ஒரே பயணச்சீட்டில் வண்டியும் கப்பலும் வண்டியுமாகச் செல்லும் அவ்வழி, 1914 ஆம் ஆண்டு முதல் அரை நூற்றாண்டு நடைபெற்றது. வணிகர் சென்றனர், அறிஞர் சென்றனர், தேயிலைத் தோட்டங்களில் உழைப்பதற்காக ஏழைத் தமிழர் ஆயிரம் ஆயிரமாகச் சென்றனர். ஊரில் புகைவண்டி நிலையம், அஞ்சல் நிலையம், சுங்கச் சாவடி, பள்ளி, மருத்துவமனை, கோயில், மாதா கோயில் ஆகிய யாவும் இருந்தன. கப்பலும் வண்டியும் வரும் வேளைகளில் துறைமுகம் திருவிழாப் போலப் பொலிந்தது.

அத்தகைய ஊர் ஒரே இரவில் அழிந்தது.

1964 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22 ஆம் நாள் இரவு கடும்புயல் ஒன்று இலங்கையைக் கடந்து வந்து தனுஷ்கோடியைத் தாக்கியது. கடல் மலைபோல் எழுந்து ஊருக்குள் புகுந்தது. அவ்வேளையில், பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் வண்டி ஒன்று தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்தது. கடும் மழை, காரிருள். கைகாட்டி வேலை செய்யவில்லை. சிறிது நேரம் நின்ற ஓட்டுநர், ஊதலை ஊதியவாறு இருளில் வண்டியை மெல்லச் செலுத்தினார். பேரலை ஒன்று எழுந்து வண்டியை முழுவதும் மூடியது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோருள் ஒருவரும் கரை சேரவில்லை. தந்திக் கம்பிகள் அறுந்தமையால் இச்செய்தி வெளியுலகை அடையவும் காலம் கழிந்தது. அப்புயலால் இந்தியாவிலும் இலங்கையிலுமாக ஏறத்தாழ 1800 பேர் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகின்றது. எஞ்சியவர்கள் இராமேசுவரம் பகுதியில் குடியமர்த்தப்பட்டனர். தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்ற ஊர் என அரசு அறிவித்தது. பின்னர்க் கப்பல் இராமேசுவரத்திலிருந்து சென்றது; 1980 களில் அதுவும் நின்றது.

இவ்வரலாற்றையெல்லாம் பயணத்திற்கு முன்பே வகுப்பில் மாணவர்க்குச் சொல்லியிருந்தேன். அவர்களும் கவனத்துடன் கேட்டிருந்தனர். ஆயினும், ஏட்டில் கற்ற செய்தி ஏட்டிலேயே நின்றது. பேருந்தை விட்டு இறங்கியதும் அவர்கள் இடிபாடுகளை நோக்கி ஓடினர். கூரையற்ற மாதா கோயில் மணலின் நடுவே நின்றது. அதன் சுவர்கள் பவளப்பாறைக் கற்களால் ஆனவை. உப்புக்காற்று அரித்து அரித்து அக்கற்களில் சிறுசிறு துளைகள் விழுந்திருந்தன. சற்றுத் தொலைவில் புகைவண்டி நிலையத்தின் சுவரும் நீர்த்தொட்டியின் தூண்களும் நின்றன. அங்கு வந்திருந்த பயணிகள் அச்சுவர்களின்முன் நின்று சிரித்தவாறு படம் எடுத்துக்கொண்டிருந்தனர். எங்கள் மாணவருள் ஒருவன் மாதா கோயிலின் அடியில் உதிர்ந்து கிடந்த பவளக்கல் ஒன்றை எடுத்துத் துடைத்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். ஊருக்குக் கொண்டு சென்று காட்டுவதற்கு அழகிய பொருள் கிடைத்தது என்பது அவன் மகிழ்ச்சி.

வெயில் ஏறியது. கொண்டு வந்த நீர் தீர்ந்தது. இடிபாடுகளுக்குப் பின்புறம் தென்னங்கீற்று வேய்ந்த சிறு குடிசைகள் தெரிந்தன. வாழத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்ட அவ்வூரில் மீனவர் குடும்பங்கள் மீண்டும் வந்து வாழ்ந்துகொண்டிருந்தன. மின்கம்பி இல்லை, குழாய் இல்லை. வலைகள் மணலில் உலர்ந்தன. குடிசைகளுக்கு அப்பால், கடலிலிருந்து ஐம்பது அறுபது அடி தொலைவில், மூதாட்டி ஒருவர் மணலில் தோண்டிய குழியின் அருகே அமர்ந்து, தேங்காய்ச் சிரட்டையால் எதையோ மெல்ல மெல்ல மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். அருகில் சென்று பார்த்தோம். குழியின் ஆழம் மூன்று அடி இருக்கும். அடியில் தெளிந்த நீர் ஊறியிருந்தது.

"பாட்டி, இது கடல்நீர்தானே?" என்று மாணவன் ஒருவன் கேட்டான்.

"குடித்துப் பார், தம்பி" என்று கூறி, அவர் சிரட்டையை நீட்டினார்.

அவன் தயங்கித் தயங்கி வாயில் வைத்தான். மறுகணம் அவன் முகம் மலர்ந்தது. "ஐயா, இனிக்கிறது!" என்று கூவினான். ஒருவர்பின் ஒருவராக அனைவரும் அருந்தினோம். எத்துணை இனிய நீர்! இருபுறமும் எட்டிப் பிடிக்கும் தொலைவில் உப்புக்கடல். இடையே மணலின் மடியில் நன்னீர்!

இவ்வியப்பிற்கு உரிய காரணத்தை நாம் அறிதல் வேண்டும். பெய்யும் மழைநீர் மணலுக்குள் இறங்குகின்றது. ஒரே அளவு எடுத்து நிறுத்தால், கடல்நீரைவிட நன்னீர் எடை குறைந்தது. ஆதலால், மணலின் அடியில் உள்ள உப்புநீரின்மேல் நன்னீர் மிதந்து நிற்கின்றது. மணலின் நுண்ணிய இடைவெளிகளில் நீர் விரைந்து ஓடுவதில்லை. எனவே இரண்டும் எளிதில் கலப்பதும் இல்லை. கடல் மட்டத்திற்குமேல் நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், அம்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை அது தங்கி நிற்கக்கூடும் என்பது அறிவியலார் கணக்கு. இதனுள் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. மேலே நன்னீரின் மட்டம் சிறிது தாழ்ந்தால், கீழே உள்ள உப்புநீர் பன்மடங்கு மேலெழும். பேராசை கொண்டு விரைந்து இறைத்தால், இனிய ஊற்று உப்பு ஊற்றாய் மாறிவிடும்.

மூதாட்டியார் இக்கணக்கைக் கற்றவர் அல்லர். ஆனால், இக்கணக்கின் வழியே வாழ்பவர். "ஆழத் தோண்டக் கூடாது, தம்பி. ஒரு குடம் மொண்டால் சற்றுப் பொறுக்க வேண்டும். அதுவாக ஊறி வரும். அவசரப்பட்டால் நாளைக்குத் தண்ணீர் இல்லை" என்றார். பிறகு, காற்றில் உருண்டு வந்து குழிக்குள் விழ இருந்த பிளாஸ்டிக் புட்டி ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தார். "பார்க்க வருகிறவர்கள் குடித்துவிட்டு எறிந்துவிடுகிறார்கள். நாங்கள்தாம் பொறுக்குகிறோம்" என்று அவர் சொன்னபோது, அவர் குரலில் சினம் இல்லை.

நான் அவரிடம், "அம்மா, புயல் அடித்தபோது நீங்கள் இங்கே இருந்தீர்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரட்டையைக் கீழே வைத்தார். "எனக்கு அப்போது ஒன்பது வயது. தண்ணீர் வீட்டுக்குள் வந்ததும் அப்பா எங்களைத் தூக்கிக்கொண்டு மணல்மேட்டுக்கு ஓடினார். வலைக்கயிற்றால் எங்கள் எல்லாரையும் ஒன்றாகக் கட்டினார். விடியும்வரை அப்படியே இருந்தோம். விடிந்து பார்த்தால் ஊர் இல்லை, கடல்தான் இருந்தது" என்றார்.

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவரே தொடர்ந்தார். "அதோ, அந்த மாதா கோயிலில் முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் அக்காளுக்கு முதல் ஓலை வாசித்தார்கள். தை மாதம் கல்யாணம். சேலை எடுக்கச் சித்தி வீட்டுக்குப் பாம்பன் போயிருந்தாள். அந்த வண்டியில் திரும்பி வர வேண்டியவள்."

இவ்வளவே அவர் சொன்னார். மீண்டும் சிரட்டையை எடுத்து, ஊறியிருந்த நீரை மொள்ளத் தொடங்கினார்.

திருமணம் செய்யவிருப்போர் பெயர்களைக் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அறிவிப்பதைக் கிறித்தவர்கள் ஓலை வாசித்தல் என்பர். முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாம் ஓலை வாசிக்கக் கோயிலும் இல்லை, மணமகளும் இல்லை. இதனை விளக்க வேண்டிய தேவை எங்கள் மாணவர்க்கு நேரவில்லை. மூதாட்டியார் கை நீட்டிய திசையில் அவர்கள் அனைவரும் திரும்பிப் பார்த்தனர். சற்று முன்னர் அவர்கள் ஓடி விளையாடிய அதே சுவர்தான் அங்கே நின்றது. ஆயினும், அது முன்போல் அவர்கள் கண்ணுக்குத் தோன்றவில்லை. அந்தத் துளை விழுந்த கற்களுக்கிடையே ஒரு பெண்ணின் பெயர் உரக்க வாசிக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமை ஒன்று இருந்தது என்பதை அவர்கள் இப்போது அறிந்திருந்தனர்.

மாணவி ஒருத்தி மெல்லக் கேட்டாள்: "பாட்டி, இவ்வளவும் நடந்த பிறகும் ஏன் இங்கேயே இருக்கிறீர்கள்?"

"இராமேசுவரத்தில் இடம் கொடுத்தார்கள், தாயி. அங்கே இருந்தும் பார்த்தோம். மீன் இங்கே, வலை போடும் கரை இங்கே, தண்ணீர் இங்கே. கடல் ஒரு நாள் எடுத்தது உண்மைதான். மற்ற நாளெல்லாம் அதுதானே சோறு போடுகிறது?" என்றார் அவர்.

அவரை வணங்கி விடைபெற்றோம். பேருந்து நிற்கும் இடத்திற்குத் திரும்பும்போது, பவளக்கல் எடுத்த மாணவன் மட்டும் பின்தங்கினான். யாரும் அவனை ஏவவில்லை. அவன் மாதா கோயிலுக்குள் சென்று, பையிலிருந்த கல்லை எடுத்து, சுவரின் அடியில் முன்பு கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டு ஓடி வந்தான்.

திரும்பும் வழியில் மாணவரிடையே பெரும் விவாதம் எழுந்தது. "புயல் வருவதை முன்பே அறிவித்திருந்தால் அந்த வண்டி பாம்பனிலேயே நின்றிருக்குமே!" என்றான் ஒருவன். நல்ல வினா அது. 1964 ஆம் ஆண்டில் வானிலையைக் காணும் செயற்கைக்கோள் நம் நாட்டிடம் இல்லை. துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டும், தந்தியும், வானொலியுமே அன்று துணையாக இருந்தன. 1983 ஆம் ஆண்டு விண்ணில் செலுத்தப்பட்ட இன்சாட்-1பி முதலாக, நம்முடைய செயற்கைக்கோள்கள் மேகங்களைப் படம் பிடித்து அனுப்பி வருகின்றன. இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவுகலமான எஸ்.எல்.வி.-3, 1980 ஆம் ஆண்டு ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் ஏற்றியபோது, அத்திட்டத்தின் இயக்குநராக விளங்கியவர் இதே தீவில், இராமேசுவரத்தில், 1931 ஆம் ஆண்டு பிறந்த அப்துல் கலாம் ஆவார். ஆனால், 2017 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் குமரி மாவட்ட மீனவர் பலர் ஆழ்கடலில் மாண்டனர். அத்துயரம் நிகழ்ந்து இரண்டு திங்கள்கூட அப்போது நிறையவில்லை. எச்சரிக்கை பிறந்தால் மட்டும் போதாது. அது கடலில் உள்ள கடைசிப் படகையும் உரிய காலத்தில் சென்று அடைதல் வேண்டும் என்று மாணவர்களே கூறி முடித்தனர்.

மாலையில் மீண்டும் பாம்பன் பாலத்தைக் கடந்தோம். காலையில் ஆரவாரம் செய்த மாணவர்கள் இப்போது அமைதியாகக் கீழே நோக்கினர். அதே புயலில் இப்பாலமும் சிதைந்ததை அவர்களுக்கு நினைவூட்டினேன். தூண்களை இணைத்த இரும்பு உத்திரங்களுள் பெரும்பாலானவற்றைக் கடல் கொண்டு சென்றது. அவற்றைச் சீர்செய்யும் பணி ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. கடலுக்குள் கிடந்த உத்திரங்களைத் தேடி எடுத்து, மீண்டும் தூண்களில் ஏற்றி, 46 நாட்களில் பாலத்தை அவர் செப்பனிட்டார். அவ்வுத்திரங்கள் கிடந்த இடத்தைக் கண்டறிய உதவியவர்கள் அப்பகுதி மீனவர்களே. தம் வீட்டையும் உறவையும் கடலுக்குக் கொடுத்த மக்களிடையே, பிறர் கடந்து செல்லும் பாலத்திற்கு உதவும் கைகளும் இருந்தன.

பள்ளி திரும்பிய பின்னர், பயணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு மாணவரிடம் கூறினேன். அவர்கள் கண்ட காட்சிகளோ பல: நடுவில் திறக்கும் பாலம், இராமேசுவரத்தின் நீண்ட பிரகாரம், பூநாரைக் கூட்டம், இரு கடலும் சந்திக்கும் முனை. ஆயினும், பதினெட்டுக் கட்டுரைகளிலும் தவறாது இடம்பெற்றது தேங்காய்ச் சிரட்டையில் பருகிய அந்த நீரே ஆகும்.

மாணவர்களே! நீங்களும் பல ஊர்களுக்குச் செல்வீர்கள், செல்லவும் வேண்டும். செல்லுமுன் அவ்வூரைப் பற்றிப் படியுங்கள். படித்துச் சென்றவனுக்கே கல்லும் சுவரும் பேசும். சென்ற இடத்தில் விரைந்து ஓடாதீர்கள். பத்து இடங்களை ஓடிப் பார்ப்பதினும், ஓரிடத்தில் அமர்ந்து அவ்வூரார் ஒருவரோடு மனம் கலந்து பேசுவது மேலானது. அவர்கள் எதை உண்கின்றனர், எங்கிருந்து நீர் எடுக்கின்றனர், எதற்கு அஞ்சுகின்றனர், எதை விட்டுப் பிரிய மறுக்கின்றனர் என்று கேட்டறியுங்கள். பிறர் துயர் நிகழ்ந்த இடத்தில் அடக்கத்துடன் நடந்துகொள்ளுங்கள். அங்கிருந்து கல்லையும் கிளிஞ்சலையும் எடுத்து வர வேண்டா. அங்கே குப்பையை விட்டு வரவும் வேண்டா. வீடு திரும்பியதும், கண்டதையும் கேட்டதையும் மறவாமல் எழுதி வையுங்கள்.

மேலோட்டமாகப் பார்ப்பவர்க்குக் கடற்கரை மணல் வெறும் மணலே. குனிந்து, பொறுமையுடன் கையால் அகழ்பவர்க்கே அது நன்னீர் தரும். மனிதர் வாழும் ஊர்களும் அத்தகையனவே. அவ்வாறு அகழ்ந்து பருகியதன் சுவை வாழ்நாள் முழுவதும் நாவை விட்டு அகல்வதில்லை.